சீட்டு கெடச்சப்புறமும் முடியாத ஃபிசிக்ஸ்

மார்ச்ல ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட்ல இந்தியன் கடை பார்க்கிங்ல காருக்குள்ள என் பொண்ணு உக்காந்திருக்கா, நான் காய் வாங்கிட்டு வந்து கதவத் திறக்குறேன், ஃபோன ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு ஒண்ணும் பேசாம என்னயே பாக்குறா. என்னாச்சு கண்ணுன்னு கேட்டா ஃபோன என் பக்கம் திருப்புனா. கலர் கலரா காகிதத் துணுக்கு கொட்டுற மாதிரி ஸ்கிரீன்ல ஓடிட்டு இருக்கு, அதுக்குக் கீழ வாழ்த்துகள்னு போட்டிருக்கு. யூசி, அதாவது கலிஃபோர்னியா யுனிவர்சிட்டியோட கேம்பஸ் ஒண்ணுல சிவில் இன்ஜினியரிங். ஒம்பதாம் கிளாஸ்ல இருந்து அவ ஆசைப்பட்ட இடம். அங்கயே ரெண்டு பேரும் அழுதோம், அவங்க அப்பாவுக்கு ஃபோன் போட்டோம், அவரு ஆபீஸ் மீட்டிங்ல இருந்து எழுந்து வெளிய வந்து பேசுனாரு.

அன்னிக்கு ராத்திரி அந்த லெட்டர நான் மறுபடி பொறுமையா படிச்சேன். இது நிபந்தனையோட கூடிய அட்மிஷன். பன்னெண்டாம் கிளாஸ் முடியிற வரைக்கும் எல்லாப் பாடத்துலயும் சி கிரேடாவது இருக்கணும், சராசரி 3.0க்குக் கீழ போகக்கூடாது, அப்ளிகேஷன்ல எழுதின பாடத்த நடுவுல விட்டா சொல்லணும், டி இல்ல எஃப் வந்தா நீங்களே முன்வந்து தெரிவிக்கணும், ஜூலை 1க்குள்ள கடைசி மார்க்ஷீட் வந்து சேரணும். நிபந்தனை மீறினா சீட்ட ரத்து பண்ற உரிமை அவங்களுக்கு இருக்கு. இதெல்லாம் எல்லாருக்கும் போடுறதுதான், நம்மளுக்கு என்னன்னு நெனச்சு லேப்டாப்ப மூடிட்டேன்.

ஊர்ல இருக்குறவங்களுக்கு இது புரிய வைக்கிறது கொஞ்சம் கஷ்டம். நம்ம ஊர்ல மார்ச்ல பரீட்சை, மே மாசம் ரிசல்ட், அதுக்கப்புறம்தான் கவுன்சிலிங், சீட்டு. சீட்டு கையில வர்றப்ப பள்ளிக்கூடப் புஸ்தகத்த பழைய பேப்பர்காரருக்குப் போட்டிருப்போம். இங்க தலைகீழ். நவம்பர் கடைசிக்குள்ள அப்ளை பண்ணணும், மார்ச்ல பதில் வரும், மே 1க்குள்ள சேர்றேன்னு சொல்லணும், ஆனா பள்ளிக்கூடம் ஜூன் வரைக்கும் ஓடும். அதாவது சீட்டு கெடச்ச பிறகு முழுசா ரெண்டரை மாசம் அதே கிளாஸ்ல உக்காந்து அதே டெஸ்ட் எழுதணும். அந்த நேரத்துல பசங்களுக்கு வர்ற தளர்ச்சிக்கு சீனியரைட்டிஸ்னு ஒரு பேரே இருக்கு. பட்டுக்கோட்டையில இருக்குற எங்க அம்மா ஃபோன்ல கேட்டாங்க, "அதான் சீட்டு கெடச்சிருச்சுல்ல, அப்புறம் எதுக்கு புள்ளயப் போட்டு வாட்டுற?" எனக்கு பதில் சொல்லத் தெரியல.

ஏன்னா அடுத்த செவ்வாய்க்கிழமை கிரேடு போர்ட்டல்ல ஒரு நம்பர் வந்துச்சு. ஏபி ஃபிசிக்ஸ் சி, மின்னியல் காந்தவியல், யூனிட் டெஸ்ட்: 52.

ஏபின்னா காலேஜ் முதல் வருஷப் பாடத்த ஹைஸ்கூல்லயே சொல்லித்தர்றது. மே மாசம் காலேஜ் போர்டு நடத்துற பரீட்சை ஒண்ணு இருக்கும், 1ல இருந்து 5 வரைக்கும் ஸ்கோர், நல்ல ஸ்கோர் வந்தா காலேஜ்ல அதுக்கு கிரெடிட் கெடைக்கும். ஃபிசிக்ஸ்ல மட்டும் நாலு ஏபி இருக்கு, அதுல சிங்கிறது கால்குலஸ் வச்சு நடத்துறது, அதுலயே ரெண்டு பாதி, மெக்கானிக்ஸ் தனி, மின்னியல் காந்தவியல் தனி. இவ ஸ்கூல்ல ஆகஸ்ட்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மெக்கானிக்ஸ், ஜனவரில இருந்து மத்தது. மெக்கானிக்ஸ்ல இவ 84 வாங்கி பி கிரேடுல முடிச்சா. சரிவுல உருளுற உருளை, கயிறு கப்பி, ஸ்பிரிங், எல்லாம் கண்ணுக்குத் தெரியிற விஷயம், இவ கட்டடம் கட்டணும் பாலம் கட்டணும்னு ஆசைப்படுற பொண்ணு, அதனால விசை எங்க இருந்து வருது எங்க போகுதுன்னு இவளுக்கு ஒரு பிடி இருந்துச்சு. ஜனவரில அது எல்லாம் போயிருச்சு. கண்ணுக்குத் தெரியாத புலம், கற்பனையா வரையிற ஒரு மூடிய பரப்பு, அது மேல ஒரு தொகையீடு, அதாவது துண்டு துண்டா பிரிச்சுக் கூட்டுற இன்டக்ரல். கணக்குக் கிளாஸ்ல அந்தத் தொகையீட்ட அந்த வாரம்தான் ஆரம்பிச்சிருப்பாங்க, இங்க அதுக்குள்ள அத வச்சு கேள்வி.

52 வந்தப்ப ஒண்ணும் சொல்லல. ரெண்டு வாரம் கழிச்சு மின்தேக்கி, சர்க்யூட் டெஸ்ட்ல 58. ஹோம்வொர்க், லேப் எல்லாம் சேத்து மொத்தம் 64. டி.

அந்த ராத்திரி ஒரு மணி இருக்கும், தண்ணி குடிக்க கீழ வந்தேன், டைனிங் டேபிள்ல லைட் எரியுது, இவ நோட்டுல தலைய வச்சுக்கிட்டு இருக்கா. தூங்குறான்னு நெனச்சு தொட்டேன், தூங்கல. "அம்மா, கிளாஸ்ல எல்லாருக்கும் புரியுது. அவர் போர்டுல எழுதுறப்ப எல்லாரும் தலையாட்டுறாங்க. எனக்கு மட்டும் முதல் வரியிலயே நின்னுடுது"ன்னா. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "நான் இன்ஜினியரிங்குக்கே லாயக்கில்லாதவளோ, அவங்க தப்பா எனக்கு சீட்டு குடுத்துட்டாங்களோ"ன்னு கேட்டா. இத எழுதுறப்ப இப்பவும் எனக்குத் தொண்டை அடைக்குது. அட்மிஷன் வர்ற வரைக்கும் கெடைக்குமா கெடைக்காதான்னு பயந்தா, கெடச்சப்புறம் கெடச்சது நியாயமான்னு பயப்படுறா. சின்ன வயசுல இருந்து எதையும் ஒரு தடவ சொன்னா புடிச்சுக்கிற புள்ள, புரியாம ஒரு எடத்துல நிக்கிறதுன்னா என்னன்னே அவளுக்குத் தெரியாது. பதினேழு வயசுல முதல் தடவையா அது நடக்குது, அதுவும் ஜெயிச்சுட்டன்னு ஊரே வாழ்த்துற அதே மாசத்துல. தமிழ் ஸ்கூல்ல, கோயில்ல, அபார்ட்மென்ட் படிக்கட்டுல, பாக்குறவங்க எல்லாம் கைய குலுக்குறாங்க, இவ சிரிச்சுட்டு வீட்டுக்கு வந்து ரூம் கதவ சாத்திக்கிறா.

பாடத்த விட்டுடலாமான்னு யோசிச்சோம். ஸ்கூல் கவுன்சிலர்கிட்ட பேசுனதுல, அந்தத் தேதியில விட்டா மார்க்ஷீட்ல விலகின குறி விழும், அதையும் யூசிக்குத் தெரிவிக்கணும், விளக்கம் கேப்பாங்கன்னு சொன்னாரு. அவரு நல்ல மனுஷன்தான், ஆனா கடைசியா ஒரு வார்த்த சொன்னாரு, "உங்க பொண்ணுக்கு வேண்டியது ஒரு சி, அவ்வளவுதான், புரியணும்னு அவசியமில்ல." அது எனக்கு மனசுல ஒட்டவே இல்ல. இவ செப்டம்பர்ல காலேஜ் போய் இதே மின்னியல் பாடத்த மறுபடி எடுக்கணும், சிவில் பசங்களும் ஃபிசிக்ஸ் வரிசைய முடிச்சுதான் ஆகணும். இன்னிக்கு மார்க்குக்காக எதையோ ஒப்பிச்சுட்டு அங்க போய் முந்நூறு பேர் உக்காந்த ஹால்ல மறுபடி இதே முதல் வரியில நின்னா அப்ப கூட யாரு இருப்பா?

அதனால நான் சொல்லித்தர்றேன்னு உக்காந்தேன். நான் தமிழ் மீடியம். தொண்ணூறுகள் கடைசியில பிளஸ் டூ, இயற்பியல்ல 200க்கு 187. நிலை மின்னியல் பாடம் எனக்கு இன்னும் வரி வரியா ஞாபகம் இருக்கு, காஸ் விதி (மூடிய பரப்பு வழியா போற மொத்தப் பாயம் உள்ள இருக்குற மின்னூட்டத்தப் பொறுத்தது), மின்பாயம், வெற்றிடத்தின் விடுதிறன். நீளமான மின்னூட்டம் பெற்ற கம்பியினால் ஏற்படும் மின்புலம், படத்தோட, உருளை வரைஞ்சு, ஸ்கேல் வச்சு அம்புக்குறி போட்டு, இப்பவும் எழுதிருவேன். எழுதியும் காமிச்சேன். அவ பாத்துட்டு, "இது எனக்குத் தெரியும்மா, இத பாருங்க"ன்னு ஒரு கேள்வியக் காமிச்சா.

ஒரு கோளம், ஆரம் பெரிய ஆர். அதுக்குள்ள மின்னூட்டம் எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி இல்ல, மையத்துல சுழி, வெளிய போகப் போக அடர்த்தி தூரத்துக்கு ஏத்த மாதிரி கூடிக்கிட்டே போகுது. உள்ள ஒரு புள்ளியில மின்புலம் எவ்வளவு? இவ அடர்த்திய எடுத்து கோளத்தோட கன அளவால பெருக்கி விடை போட்டிருந்தா, சார் சிவப்பு மையில சுழி போட்டிருந்தாரு. ஏன் தப்புன்னு கேட்டா. எனக்கும் தெரியல. நான் அரை மணி நேரம் பாத்தேன். எனக்குத் தெரிஞ்ச காஸ் விதியில அடர்த்தி எப்பவும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு, அது மாறுனா என்ன பண்றதுன்னு எங்க பாடத்துல யாரும் கேட்டதில்ல, நானும் கேட்டதில்ல. 187 வாங்குனவ, ஒரு தடவ கூட அந்தக் கற்பனைப் பரப்ப எதுக்கு வரையிறோம்னு யோசிச்சதில்ல. வரையச் சொன்னாங்க, வரைஞ்சேன். இத அவகிட்ட அப்படியே சொன்னேன். "எனக்கும் இது புரியாது கண்ணு, நான் மனப்பாடம்தான் பண்ணியிருக்கேன்." அவ என்ன நிமிந்து பாத்த பார்வைய மறக்க மாட்டேன். ஏமாத்தம் இல்ல அது. ரொம்ப நாளா தூக்கிட்டு இருந்த ஏதோ ஒண்ண கீழ வச்ச மாதிரி தோள் இறங்குச்சு.

அடுத்த நாளு லஞ்ச் நேரத்துல அவங்க ஃபிசிக்ஸ் சாரப் போய்ப் பாக்கச் சொன்னேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவ கூட போனதில்லையாம், போனா புரியாதவன்னு தெரிஞ்சிருமேன்னு. போனா அங்க ஏற்கனவே பதினோரு பேரு உக்காந்திருக்காங்க. தலையாட்டிக்கிட்டு இருந்த அதே பசங்க. அவரு அந்தக் கோளக் கணக்க எடுத்து, மெல்லிசான ஓடு ஓடா உரிச்சுப் பாரு, ஒரு ஓட்டுல அடர்த்தி கிட்டத்தட்ட ஒண்ணுதான், அந்த ஓட்டோட பரப்பு நாலு பை ஆர் ஸ்கொயர், தடிமன் ரொம்பக் கொஞ்சம், ஒவ்வொரு ஓட்டுலயும் எவ்வளவு மின்னூட்டம்னு எழுதிக்கிட்டு எல்லாத்தையும் கூட்டுன்னு சொல்லியிருக்காரு. கூட்டினா உள்ள இருக்குற மின்னூட்டம் ஆரத்தோட நாலாம் அடுக்குல வருது, அத பரப்பால வகுத்தா மின்புலம் ஆரத்தோட ரெண்டாம் அடுக்குல வளருது. சாயங்காலம் வந்து எனக்கு அவ சொல்லிக் குடுத்தா, எனக்குப் புரிய ரெண்டு தடவ ஆச்சு. டெஸ்ட்ல தப்பான கேள்விய எல்லாம் திருத்தி, ஏன் தப்புன்னு ஒரு பாரா எழுதிக் குடுத்தா கொறஞ்ச மார்க்குல பாதி திரும்பக் கெடைக்கும்னு ஒரு விதியும் அந்தக் கிளாஸ்ல இருந்துச்சு, அதுவும் இவளுக்கு அன்னிக்குத்தான் தெரியும்.

ஆனா ஒண்ணு மட்டும் சரியாகல. பரப்புக்கு வெளிய ஒரு மின்னூட்டம் இருந்தா, பரப்பு வழியா மொத்தப் பாயம் சுழி. சரி. ஆனா அந்த எடத்துல மின்புலம் சுழி இல்ல. இது ரெண்டும் எப்படி ஒண்ணா இருக்கும்னு இவளுக்கு ஏறவே இல்ல, பாயம் சுழின்னா புலமும் சுழின்னு ஒவ்வொரு தடவையும் எழுதிட்டு வந்தா. நான் சமையக்கட்டுல இருந்து சும்மா சொன்னேன், பாயம்னா பாயுறதுடா, தண்ணி பாயுற மாதிரி. அவ தமிழ் ஸ்கூல் படிச்ச பொண்ணு, பாய்னா குதிக்கிறதுன்னு மட்டும் தெரியும், புலி பாயும். தண்ணி பாயுமான்னு கேட்டா. அப்பத்தான் எனக்கு எங்க வயல் ஞாபகம் வந்துச்சு.

எங்க ஊரு கல்லணைக் கால்வாய் பாசனம். வாய்க்கால்ல தண்ணி வந்தா மடையத் தெறந்து மேல் வயலுக்கு விடுவாங்க, மேல் வயல் நெறஞ்சு அதோட வாமடை வழியா கீழ் வயலுக்கு இறங்கும், அங்க இருந்து அடுத்தவங்க வயலுக்கு. நான் ஒரு பேப்பர எடுத்து நாலு பக்கம் வரப்பு போட்டு ஒரு வயல் வரைஞ்சேன். இந்தப் பக்கம் மடை வழியா தண்ணி உள்ள வருது, அந்தப் பக்கம் வெளிய போகுது. மண்ணுல ஊறுறத விட்டுடு, வெயில்ல காயிறத விட்டுடு. உள்ள வந்த அளவு, வெளிய போன அளவு, ரெண்டையும் கழிச்சா? சுழி. ஆனா வயல்ல நின்னு காலக் கீழ வச்சா தண்ணி ஓடுதா இல்லையா? ஓடுது, கணுக்கால்ல இடிச்சுக்கிட்டுப் போகுது. இப்ப இந்த வரப்புக்குள்ள ஒரு போர் போட்டு பம்புசெட் வச்சிருக்காங்கன்னு வச்சுக்க, அப்ப வெளிய போறது உள்ள வந்தத விட அதிகமா இருக்கும்ல, எவ்வளவு அதிகம்? பம்புசெட் எவ்வளவு எறைக்குதோ அவ்வளவு. வரப்ப எப்படி வளைச்சுப் போட்டாலும் அந்த அதிகம் மாறாது, பம்பு உள்ள இருக்குற வரைக்கும்.

அவ பேனாவக் கீழ வச்சுட்டா. அந்தப் பேப்பரத் தன் பக்கம் இழுத்து, பம்புசெட் இருந்த எடத்துல சின்னதா க்யூன்னு, மின்னூட்டத்தோட குறிய எழுதுனா. வரப்புக்கு வெளிய, வாய்க்கால் பக்கத்துல இன்னொரு க்யூ. அப்புறம் நோட்டத் தெறந்து, அடிச்சுப் போட்ட பழைய கேள்வி நாலையும் ஒண்ணு ஒண்ணா போட ஆரம்பிச்சா, நான் அடுப்புல வச்ச பருப்பு அடிப்புடிச்சு வாசம் வர்ற வரைக்கும் அங்கயே நின்னேன். எங்க அப்பா இருந்திருந்தா இந்தப் பேப்பரக் காமிச்சிருப்பேன். மடை தெறக்க ராத்திரியில மண்வெட்டியோட போவாரு, அவருக்கும் காஸுக்கும் சம்பந்தம் இருக்கும்னு நான் நெனச்சதே இல்ல.

ஏப்ரல்ல காந்தவியல் டெஸ்ட் 68. பெரிய மார்க்குன்னு சொல்ல முடியாது, ஆனா டி கிரேடுலயே மேல் பக்கம். அதுக்குள்ள அடுத்தது வந்துருச்சு, மின்காந்தத் தூண்டல். ஃபாரடே கண்டுபுடிச்சது 1831ல, மூணு வருஷம் கழிச்சு 1834ல லென்ஸ் அதோட திசைய சொன்னாரு. அந்தத் திசையில இவ சிக்கிக்கிட்டா. ஒரு வளையம், மேல இருந்து ஒரு காந்தம் வருது, வளையத்துல மின்னோட்டம் எந்தப் பக்கம்? இவ சரியா போடுவா. அதே காந்தம் வளையத்தத் தாண்டிக் கீழ போகுது, இப்ப எந்தப் பக்கம்? மறுபடியும் அதே பக்கமே போடுவா. காந்தத்தோட புலத்துக்கு எதிர்ப்புலம் உண்டாகும்னு மனசுல பதிஞ்சு போச்சு.

எனக்கு இந்த விதி தமிழ்லதான் வரும், எங்க டீச்சர் பிரம்ப மேசையில தட்டிக்கிட்டே சொல்ல வச்சது: தூண்டப்படும் மின்னோட்டம், அது உண்டாகக் காரணமான பாய மாற்றத்தை எதிர்க்கும். நான் அத சத்தமா சொல்லிட்டு, நானே நின்னேன். பாயத்தை இல்ல. பாய மாற்றத்தை. இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல வாயில கெடந்த வார்த்த, அன்னிக்குத்தான் காதுல விழுந்துச்சு. அவளும் புடிச்சுக்கிட்டா, "மாற்றம்னா சேஞ்ச் தானே? அப்ப புலம் குறைஞ்சா?" குறைஞ்சா குறையிறத எதிர்க்கும், அதாவது போகாத போகாதன்னு அதே பக்கம் புடிச்சு இழுக்கும். வர்றப்ப வராதன்னு தள்ளும், போறப்ப போகாதன்னு இழுக்கும்.

அந்த வாரக் கடைசியில இவங்க அப்பா ஹார்டுவேர் கடையில இருந்து ஒரு மீட்டர் நீளத்துக்கு செப்புக் குழாய் வாங்கிட்டு வந்தாரு, கட்டை விரல் தடிமன்ல ஒரு நியோடிமியம் காந்தமும். செப்புல காந்தம் ஒட்டாது, அத முதல்ல ஒட்டிப் பாத்து உறுதிப்படுத்திக்கிட்டா. குழாய நிமித்திப் புடிச்சு, முதல்ல ஒரு சின்ன ஆணிய மேல இருந்து போட்டா. டொக்குன்னு உடனே கீழ. ஒரு மீட்டர் விழ அரை செகண்டு கூட ஆகாது. அப்புறம் காந்தத்தப் போட்டா. வரல. குனிஞ்சு குழாய்க்குள்ள ஒத்தக் கண்ணால பாத்தா, எங்களையும் கூப்புட்டா. உள்ள அந்தக் காந்தம் சுவத்துல படாம, தண்ணிக்குள்ள எறங்குற கல்லு மாதிரி, அவசரமே இல்லாம எறங்கிட்டு இருக்கு. குழாயோட ஒவ்வொரு வளையமும் மேல இருக்குறது போகாதன்னுது, கீழ இருக்குறது வராதன்னுது. கைய கீழ வச்சுக்கிட்டு இருந்தா, கடைசியில உள்ளங்கையில மெதுவா வந்து உக்காந்துச்சு. "இன்னொரு தடவ"ன்னா. அன்னிக்கு சாயங்காலம் இருபது தடவையாவது போட்டிருப்பா, ஜனவரிக்கு அப்புறம் ஃபிசிக்ஸ் பேரச் சொல்லி அவ சிரிச்சு அன்னிக்குத்தான் பாத்தேன்.

தூண்டல் டெஸ்ட்ல 79.

மே நடுவுல ஏபி பரீட்சை வந்துச்சு. 2025ல இருந்து அத மாத்தியிருக்காங்க, முன்னாடி ஒவ்வொரு பாதியும் ஒன்றரை மணி நேரம்தான், இப்ப மூணு மணி நேரம். நாப்பது கேள்வி கொள்குறி, 80 நிமிஷம், கம்ப்யூட்டர்ல. அப்புறம் நாலு பெரிய கேள்வி, 100 நிமிஷம், பேப்பர்ல கையால எழுதணும். அந்த நாலுல ஒண்ணு, சமன்பாட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி என்ன நடக்கும்னு வார்த்தையில காரணத்தோட எழுதச் சொல்ற வகை, அப்புறம் கணக்கு போட்டு ரெண்டும் ஒத்துப்போகுதான்னு காட்டணும். ஒரு வருஷத்துக்கு முன்னாடி நான் பாத்திருந்தா இது என்ன ஃபிசிக்ஸ் பரீட்சையா இங்கிலீஷ் பரீட்சையான்னு கேட்டிருப்பேன். இப்ப அது எனக்குச் சரின்னுதான் படுது, ஃபார்முலாவ மட்டும் வச்சுக்கிட்டு என்ன மாதிரி 187 வாங்கிட்டுப் போக முடியாது. வெளிய வந்து கார்ல ஏறினதும் அவ சொன்னது, "எல்லாம் முடிக்கலம்மா, ஆனா எந்தக் கேள்வியிலயும் முதல் வரியில நிக்கல." ஸ்கோர் ஜூலையிலதான் வரும், அதப் பத்தி நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல.

மார்ச்ல அட்மிஷன் வந்தப்ப மிஷன் பீக் மலை முழுக்க பச்சையா இருந்துச்சு, இப்ப வைக்கோல் கலருக்கு வந்துருச்சு. இவளோட படிக்கிற பசங்க நெறைய பேரு கிளாஸுக்கு வர்றதே கொறைஞ்சு போச்சு, பீச் போறாங்க, கிராஜுவேஷன் ஃபோட்டோ எடுக்குறாங்க, அவங்கள நான் குத்தம் சொல்லல, நாலு வருஷம் கஷ்டப்பட்ட புள்ளைங்க. இவளும் ஒரு நாளு போயிட்டு வந்தா, மூக்கு நுனி செவந்து வந்தா, வந்து உக்காந்து ஆர்சி சர்க்யூட் போட்டா.

திருத்தம் எழுதிக் குடுத்த மார்க்கெல்லாம் சேந்து இன்னிக்கு போர்ட்டல்ல 72. ஸ்கூல் ஃபைனல் பரீட்சைக்கு 20 சதவீதம் வெயிட். 70க்குக் கீழ போனா டி, அதாவது ஃபைனல்ல இவ 62 எடுத்தாகணும். இத நான் கணக்கு போட்டு அவகிட்ட சொல்லல, அவளே போட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கா.

ஏப்ரல்ல ஒரு நாளு, மொத்தம் 64ல இருந்தப்ப, டி வந்தா யூசிக்கு எழுத வேண்டிய கடுதாசிய இப்பவே எழுதி வச்சுக்கலாம்னு சொன்னேன், கடைசி நேரத்துல பதட்டத்துல எழுத வேணாம்னு. நான் ஒரு பக்கத்துக்கு எழுதித் தந்தேன், உடம்பு சரியில்ல, மன அழுத்தம், அது இதுன்னு. அவ அத அப்படியே அழிச்சுட்டு நாலு வரி எழுதுனா. இந்தப் பாடம் எனக்குக் கஷ்டமா இருந்தது, உதவி கேக்க லேட் பண்ணிட்டேன், மார்ச்ல இருந்து ஒவ்வொரு வாரமும் ஆசிரியர்கிட்ட போறேன், செப்டம்பர்ல இந்தப் பாடத்த மறுபடி உங்க கேம்பஸ்ல எடுக்கத் தயாரா இருக்கேன். அவ்வளவுதான். மேல இருந்த தேதி எடம் மட்டும் காலியா விட்டிருக்கா. அது இன்னும் டிராஃப்ட்லயே இருக்கு. வியாழக்கிழமை காலையில எட்டரைக்கு ஃபைனல்.